ஏறக்குறைய ஒரே உயரத்தில் இரண்டு தங்க ஊர்கள்

கர்நாடகத்திலுள்ள கோலார் தங்கவயல் கடல்மட்டத்திலிருந்து சுமார் 850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் மாநிலத்தில், ஆல்ப்ஸ் மலைப் பள்ளத்தாக்கு ஒன்றுக்குள், பாட் காஸ்டைன் என்ற மலையூர் இருக்கிறது. அதன் உயரம் சுமார் 1,000 மீட்டர். இரண்டுமே தங்கத்தால் பிழைத்த ஊர்கள். இரண்டிலும் தங்கம் தீர்ந்தது. பாட் காஸ்டைன் இன்று பனிச்சறுக்குக்குப் பேர்போன ஊர். 1958 பிப்ரவரியில் உலகப் பனிச்சறுக்குச் சாம்பியன் போட்டி அங்கேதான் நடந்தது. 2,492 மீட்டர் உயரமுள்ள கிராவ்கோகல் மலைச்சரிவில் ஆஸ்திரிய வீரர் டோனி சைலர் மூன்று தங்கப் பதக்கங்களும் ஒரு வெள்ளியும் வென்றார். தங்கவயலிலோ 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி சுரங்கங்கள் மூடப்பட்டன. அதன்பின் ஊரில் ஏராளமானோர் விடியற்காலை ரயில் ஏறி பெங்களூருக்கு வேலைக்குப் போய் இரவில் திரும்புகிறார்கள்.

ஒரு தங்க ஊருக்கு இரண்டாவது வாழ்வு கிடைத்ததற்கும் இன்னொன்றுக்குக் கிடைக்காததற்கும் பணம், அரசியல், ஐரோப்பாவின் நடுவில் இருக்கும் வசதி என்று பல காரணங்களைச் சொல்லலாம். எல்லாம் உண்மைதான். ஆனால் அவற்றுக்கெல்லாம் அடியில் பாறையும் காற்றும் வெப்பமும் இருக்கின்றன. அந்தக் கதை இரண்டு ஊர்களுக்கும் பொதுவானது. அதைச் சரியாகப் பார்த்தால், பனிச்சறுக்கு ஊரும் ஒருவகைச் சுரங்கம்தான் என்பது தெரியவரும்.

காஸ்டைன் பள்ளத்தாக்கின் தங்கம் 16-ஆம் நூற்றாண்டின் நடுவில் உச்சத்தைத் தொட்டது. அங்கே சுரங்கவாய்கள் ஊருக்குள் இல்லை; மரங்கள்கூட வளராத உயரத்தில், 2,000 மீட்டருக்கும் மேலே இருந்தன. வெட்டிய தாதுவைக் கீழே கொண்டுவர வேண்டும், அதுவும் குளிர்காலத்தில். அதற்கு அந்தத் தொழிலாளர்கள் ஒரு வழி கண்டார்கள். பன்றித்தோல் மூட்டைகளில் தாதுவை நிரப்பி, ஒன்றோடொன்று சங்கிலியாகக் கட்டி, முன்மூட்டையின் மேல் ஆள் ஒருவர் உட்கார்ந்து, பனிமூடிய சாய்வில் மொத்தத்தையும் சறுக்கவிட்டு இறங்குவார். திசை திருப்புவதும் வேகம் குறைப்பதும் அவர் காலின் வேலை. காலி மூட்டைகளை நாய்கள் மேலே சுமந்து போகும். பிழைத்தால் கூலி, பிழைக்காவிட்டால் பனிச்சரிவு. அந்தப் பள்ளத்தாக்கில் பனிமேல் வேகமாக இறங்கும் கலையை முதலில் கற்றவர்கள் உல்லாசப் பயணிகளல்ல, கூலிக்காரர்கள்.

இது ஆஸ்திரியாவோடு நிற்கவில்லை. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மலைகளில் கியாண்ட்ரா என்ற இடத்தில் 1859-இல் தங்கம் கிடைத்தது. ஆயிரக்கணக்கானோர் குவிந்தார்கள். குளிர்காலப் பனியில் வேலை நின்றபோது, அங்கிருந்த நார்வேக்காரர்கள் வேலிப் பலகைகளைச் சீவிக் காலில் கட்டிக்கொண்டு சறுக்கினார்கள். 1861-இல் அங்கே உருவான சங்கம் உலகின் மிகப் பழைய பனிச்சறுக்குச் சங்கங்களில் ஒன்றாகச் சொல்லப்படுகிறது. கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலைகளில், லா போர்ட் என்ற தங்க ஊரைச் சுற்றி, 1860-களிலேயே சுரங்கத் தொழிலாளர்கள் ஆள் உயரத்தைப்போல இரண்டு மடங்கு நீளப் பலகைகளில் பந்தயம் விட்டார்கள். பலகையின் அடியில் பூசும் மெழுகுக் கலவையை ஒவ்வொரு அணியும் ரகசியமாகக் காத்தது.

அந்த மெழுகு ரகசியத்துக்குள் ஒரு நல்ல இயற்பியல் இருக்கிறது. பனிமேல் பலகை ஏன் வழுக்குகிறது? 19-ஆம் நூற்றாண்டில் சொல்லப்பட்ட விடை: பலகையின் எடை அழுத்துவதால் பனி உருகி நீராகிறது. கணக்குப் போட்டால் இது நிற்காது. 70 கிலோ எடையுள்ளவரின் பாரம் இரண்டு நீளப் பலகைகளில் பரவும்போது, அந்த அழுத்தத்தால் பனியின் உருகுநிலை ஒரு டிகிரியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இறங்குவதில்லை. 1939-இல் பவுடன், ஹியூஸ் என்ற ஆய்வாளர்கள் சுவிட்சர்லாந்தின் யுங்ஃப்ராவ்யோக்கில், பனிக்குகைக்குள், சோதனைகள் செய்து வேறு விடை சொன்னார்கள். பலகை உராயும்போது பிறக்கும் வெப்பமே மெல்லிய நீர்ப்படலத்தை உண்டாக்குகிறது. பலகை அதன்மேல்தான் ஓடுகிறது. பனிக்கட்டியின் மேற்பரப்பு உருகுநிலைக்குக் கீழேயும் முழுத் திடமாக இருப்பதில்லை என்பதைப் பிற்கால ஆய்வுகள் சேர்த்தன. படலம் மிக மெல்லியதானால் உரசும், தடித்தால் பலகையின் அடியை உறிஞ்சிப் பிடிக்கும். அன்றைய பனியின் வெப்பநிலைக்கு ஏற்ற மெழுகைப் பூசி இந்தச் சமநிலையைப் பிடித்தவர் ஜெயித்தார். லா போர்ட் தொழிலாளர்களிடம் இந்த விளக்கம் இல்லை. கைப்பழக்கம் மட்டும் இருந்தது.

சறுக்க வேண்டுமானால் முதலில் சரிவு வேண்டும், பிறகு குளிர் வேண்டும். தங்கவயலின் கதை இங்கேதான் பிரிகிறது.

ஆல்ப்ஸ் இளைய மலை. ஆப்பிரிக்கப் பக்கத்து நிலத்தட்டு ஐரோப்பாவை முட்டி மடித்து உயர்த்திய அந்த வேலை கடந்த சில கோடி ஆண்டுகளில் நடந்தது. காஸ்டைனின் தங்கம் கலந்த குவார்ட்ஸ் நாளங்களும் அந்த எழுச்சியோடு சேர்ந்து உருவானவைதான். எனவே தங்கமும் செங்குத்துச் சரிவும் அங்கே ஒரே காலத்துப் பிள்ளைகள். கோலார் பாறைப்பட்டை அப்படியல்ல. அதன் வயது சுமார் 270 கோடி ஆண்டு. தெற்கு வடக்காகச் சுமார் 80 கிலோமீட்டர் நீண்டு கிடக்கும் அந்தக் கரும்பச்சைப் பாறை, பூமியில் விலங்குகளோ செடிகளோ தோன்றுவதற்கு வெகுகாலம் முன்பே இறுகிவிட்டது. அதன்மேல் ஒருகாலத்தில் என்ன மலை நின்றிருந்தாலும் மழையும் ஆறும் அதைக் கரைத்துச் சமவெளியாக்கிவிட்டன. தங்கவயலுக்கு மிஞ்சிய உயரம் முழுவதும் மண்ணுக்குக் கீழேதான். சாம்பியன் ரீஃப் சுரங்கம் தரையிலிருந்து சுமார் 3,200 மீட்டர் ஆழம் வரை போனது. கடல்மட்டத்துக்குக் கீழே இரண்டேகால் கிலோமீட்டருக்கும் மேல். ஆல்ப்ஸின் எந்தப் பனிச்சறுக்கு ஊரிலும் லிஃப்டில் ஏறிச் சறுக்கி இறங்கும் உயரம் 3,200 மீட்டர் கிடையாது.

ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். அந்த 3,200 மீட்டரைத் தலைகீழாகத் திருப்பி தங்கவயல்மேல் மலையாக நிறுத்தினால், உச்சி கடல்மட்டத்திலிருந்து 4,050 மீட்டர். காற்று மேலே போகப்போக ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் சராசரியாக 6.5 டிகிரி குளிர்கிறது. ஊரின் ஆண்டுச் சராசரி 24 டிகிரி என்று கொண்டால், உச்சியில் சுமார் 3 டிகிரி. பனி விழலாம், தங்காது. வெப்பமண்டலத்தில் காற்று உறைநிலையைத் தொட ஏறக்குறைய 5,000 மீட்டர் ஏற வேண்டும். ஆனால் காஸ்டைனுக்குப் பக்கத்தில், வடக்கே 47 டிகிரி அட்சரேகையில் நிற்கும் ஹோஹர் சோன்பிளிக் சிகரத்துக்கு 3,106 மீட்டர் உயரமே போதும்; கடந்த நூற்றாண்டில் அதன் ஆண்டுச் சராசரி சுழியத்துக்கு 5 டிகிரிக்கும் கீழே இருந்தது. ஆக, தங்கவயலுக்கு மலை கிடைத்திருந்தாலும் பனிச்சறுக்கு கிடைத்திருக்காது.

இப்போது கீழே இறங்குவோம். உயரே போகும் காற்று ஏன் குளிர்கிறது? மேலே அழுத்தம் குறைவு, காற்று விரிகிறது, விரிய ஆற்றலைச் செலவழிப்பதால் குளிர்கிறது. இறங்கும் காற்றுக்கு இதன் மறுபக்கம்: அழுத்தம் கூடுகிறது, காற்று நசுங்குகிறது, சூடாகிறது. சைக்கிள் பம்பை வேகமாக அடித்தால் அதன் முனை சுடுவது இதனால்தான். ஈரமில்லாத காற்று ஒரு கிலோமீட்டர் இறங்கினால் ஏறக்குறைய 9.8 டிகிரி சூடாகும். ஆல்ப்ஸ் மலைமுகட்டைத் தாண்டி மறுபுறம் இறங்கும் ‘ஃபோன்’ காற்று குளிர்கால நடுவிலும் பனியை ஒரே இரவில் கரைத்துவிடுவது இந்த விதியால்தான். தங்கவயலின் ஷாஃப்ட்டுகளிலும், அதாவது செங்குத்துச் சுரங்கக் கிணறுகளிலும், தினமும் வீசியது அதே காற்று. தரையில் 25 டிகிரியில் இருந்த காற்று, பாறை துளி வெப்பம்கூடத் தராவிட்டாலும், மூன்று கிலோமீட்டர் இறங்கும்போதே 50 டிகிரியைத் தாண்ட வேண்டும். வழியில் சுவர்களில் கசியும் நீர் ஆவியாகி அந்த வெப்பத்தில் ஒரு பகுதியை எடுத்துக்கொள்ளும். வெப்பம் குறையும், ஈரம் கூடும். தொழிலாளிக்கு அது எந்த விதத்திலும் ஆறுதல் அல்ல.

பாறையும் சும்மா இருக்கவில்லை. மூன்று கிலோமீட்டர் ஆழத்தில் பாறையின் வெப்பநிலை 65 டிகிரியை ஒட்டி இருந்தது. கேட்க அதிகமாகத் தோன்றும். ஆனால் நிலவியலாளர்கள் இதைக் குறைவு என்றுதான் சொல்வார்கள். பூமியின் பல பகுதிகளில் ஒரு கிலோமீட்டர் தோண்டினால் 25 முதல் 30 டிகிரி கூடும். கோலாரில் கூடியது அதில் ஏறக்குறைய பாதி. தென்னிந்தியாவின் பழைய பாறைத்தளம் தடித்தது, குளிர்ந்தது. சராசரி நிலமாக இருந்திருந்தால் அந்த ஆழத்தில் பாறை 100 டிகிரியைக் கடந்திருக்கும். மனிதன் அங்கே போயே இருக்க முடியாது. எந்த முதுமை கோலாரின் மலைகளைத் தின்றுவிட்டதோ, அதே முதுமைதான் இவ்வளவு ஆழம் இறங்க அனுமதித்தது. எனக்கு இந்தக் கதையிலேயே மிக அழகாகப் படும் இடம் இது.

இரண்டு ஊர்களையும் ஆளும் ஒரே அளவு ஒன்று உண்டு. வெப்பமானியின் குமிழை ஈரத்துணியால் சுற்றிக் காற்றில் வைத்தால் அது காட்டும் எண்ணுக்கு ஈரக்குமிழ் வெப்பநிலை என்று பெயர். நீர் ஆவியாவதால் அந்தக் காற்றில் எவ்வளவு தூரம் குளிர முடியும் என்பதை அது சொல்கிறது. காற்றில் ஏற்கெனவே ஈரம் நிரம்பியிருந்தால் ஆவியாக இடமில்லை, குளிரவும் முடியாது.

சுரங்கத்தில் மனித உடல்தான் அந்த ஈரத்துணி. வியர்வை ஆவியானால் உயிர். ஆகாவிட்டால் உடலுக்குள் வெப்பம் ஏறிக்கொண்டே போகும். 1961-ஆம் ஆண்டின் இந்திய உலோகச் சுரங்க விதிகள், வேலை நடக்கும் இடத்தில் ஈரக்குமிழ் வெப்பநிலை 33.5 டிகிரியைத் தாண்டக்கூடாது என்கின்றன, 30.5-ஐத் தாண்டினால் காற்று வினாடிக்கு ஒரு மீட்டர் வேகத்திலாவது வீச வேண்டும். ஈரக்குமிழ் 35 டிகிரியில் ஆரோக்கியமான உடல்கூட சில மணி நேரங்களுக்கு மேல் தாங்காது என்று நெடுங்காலமாகக் கருதப்பட்டது. அண்மைய ஆய்வுக்கூடச் சோதனைகள் இன்னும் கீழே, 31 டிகிரியை ஒட்டியே, இளைஞர்களின் உடல் தன் வெப்பத்தைக் கட்டுப்படுத்த முடியாமல் தடுமாறுவதைக் காட்டியிருக்கின்றன. சட்டம் அனுமதித்த எல்லை அதற்கு மேலே இருக்கிறது. தங்கவயலின் ஆழ்தளங்களில் மூன்று தலைமுறைத் தமிழர்கள் எதைத் தாங்கினார்கள் என்பதை இந்த எண்களிலிருந்து ஓரளவு புரிந்துகொள்ளலாம். வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சித்தூரிலிருந்தும் வந்து தகரக் குடியிருப்பு வரிசைகளில் (லைன்களில்) குடியேறிய அவர்களின் உடலுழைப்பில்தான் அந்த ஷாஃப்ட்டுகள் இறங்கின. ஆழம் கூடியபோது தரையில் பெரிய குளிர்பதன ஆலை வைத்து, குளிர்ந்த காற்றை ஷாஃப்ட் வழியே கீழே தள்ள வேண்டியிருந்தது.

பனிச்சறுக்கு ஊரிலும் ராத்திரி முழுக்க ஈரக்குமிழைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். செயற்கைப் பனி இயந்திரம் நீரை நுண்துளிகளாகப் பீய்ச்சுகிறது. துளியின் ஒரு பகுதி ஆவியாகி மீதியைக் குளிர்விக்கிறது, மீதி உறைகிறது. ஈரக்குமிழ் சுழியத்துக்குக் கீழே இரண்டு மூன்று டிகிரி இறங்கினால்தான் இது நடக்கும். அதனால் காற்று சுழியம் டிகிரியில் இருந்தாலும், ஈரப்பதம் பாதியாக இருந்தால் பனி செய்யலாம். மூடுபனி சூழ்ந்து காற்று நிறைஈரமாக இருந்தால் முடியாது. கோலாரில் குளிர்பதன ஆலை கேட்ட கேள்வியையே இங்கே பனி இயந்திரம் கேட்கிறது. ஒரே இயற்பியல், ஒரு கோடியில் 33.5, மறுகோடியில் சுழியத்துக்குக் கீழே 2.

ஈரக்குமிழ் என்றதும் விளையாட்டைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். விளையாட்டு வீரர்கள் உயரமான இடங்களுக்குப் போய்ப் பயிற்சி செய்வது எல்லோரும் அறிந்தது: 2,000 மீட்டருக்கு மேலே ஆக்சிஜன் குறைவதால் உடல் சிவப்பணுக்களைப் பெருக்குகிறது. ஆல்ப்ஸ் ஊர்கள் பலவும் கோடைக்காலத்தில் இதை வைத்துப் பிழைக்கின்றன. வெப்பத்தில் செய்யும் பயிற்சி அவ்வளவு பேசப்படுவதில்லை. ஒன்றிரண்டு வாரம் வெப்பத்தில் உழைத்தால் இரத்தத்தின் நீர்ப்பகுதி கூடுகிறது, வியர்வை சீக்கிரம் தொடங்குகிறது, அதில் உப்பு குறைகிறது, இதயத் துடிப்பு தணிகிறது. டோக்கியோ ஒலிம்பிக்கின் வெயிலுக்கு வீரர்களைத் தயார்செய்த இந்த அறிவு எங்கிருந்து வந்தது? பெருமளவு தென்னாப்பிரிக்காவின் ஆழமான தங்கச் சுரங்கங்களிலிருந்து. 1930-களில் அங்கே ட்ரியோஸ்டி என்ற மருத்துவர், புதிதாக வந்த கறுப்பினத் தொழிலாளர்களைச் சூடான ஈர அறைகளில் வேலைசெய்ய வைத்து, யார் தாங்குவார், எத்தனை நாளில் உடல் பழகும் என்று அளந்தார். வெப்பத்தாக்குச் சாவுகள் சுரங்கத்துக்கு நட்டம் என்பதே அந்த ஆய்வின் தொடக்கம். இன்று ஓட்டப்பந்தய வீரர் பயன்படுத்தும் அட்டவணைக்குப் பின்னால், பெயர் பதியப்படாத அந்தத் தொழிலாளர்களின் உடல்கள் இருக்கின்றன. விளையாட்டு அறிவியல் இதை இன்னும் உரக்கச் சொல்ல வேண்டும்.

தங்கவயலும் விளையாடிய ஊர்தான். பிரிட்டிஷ் கம்பெனி சுரங்கத்தை நடத்திய காலத்தில் ஐரோப்பிய அதிகாரிகளுக்கு கிளப்பும் கோல்ஃப் திடலும் இருந்தன. தொழிலாளர் லைன்களில் கால்பந்தும் ஹாக்கியும் வேர்விட்டன. ஷிஃப்ட் முடிந்து கேஜில் மேலே வந்தவர்கள் ஆடிய ஆட்டம் அது. வெப்பத்துக்குப் பழகிய உடல் தரையில் எவ்வளவு நேரம் ஓடும் என்பதை யாரும் அங்கே அளக்கவில்லை.

தங்க ஊர்கள் பனி ஊர்களானதற்கு இன்னொரு பக்கம் உண்டு. பனிச்சறுக்குக்கு வேண்டிய பொறியியலைச் சுரங்கமே செய்து வைத்திருந்தது. கொலராடோவின் ஆஸ்பென் வெள்ளியால் பெருத்த ஊர். 1893-இல் அமெரிக்க அரசு வெள்ளி வாங்குவதை நிறுத்தியதும் சரிந்தது. 1938-இல் அங்கே சறுக்குபவர்களை மேலே இழுக்க, பழைய சுரங்க வின்ச்சை வைத்துத்தான் முதல் இழுவை அமைத்தார்கள். 1950-இல் உலகச் சாம்பியன் போட்டி முதன்முறையாக ஐரோப்பாவுக்கு வெளியே, அதே ஊரில் நடந்தது. யூட்டாவின் பார்க் சிட்டியில் 1960-களின் நடுவில் இன்னும் விசித்திரம்: பயணிகள் பலகையோடு சுரங்க ரயிலில் ஏறி, மலைக்குள் சுமார் ஐந்து கிலோமீட்டர் போய், தாதுவைத் தூக்கிய ஷாஃப்ட்டின் வழியே ஐந்நூறு மீட்டருக்கு மேல் உயர்ந்து, மலைமேல் வெளியே வந்து, சறுக்கி இறங்கினார்கள். இருட்டிலும் ஈரத்திலும் அவ்வளவு நேரம் பயணம் செய்ய மக்கள் விரும்பாததால் சில ஆண்டுகளில் அது நின்றது.

காஸ்டைன் பள்ளத்தாக்குக்குச் சுரங்கம் விட்டுச்சென்ற சொத்து வேறு மாதிரி. பக்கத்துப் பள்ளத்தாக்கில் சுரங்கம் நடத்திய இக்னாஸ் ரோயாகர், வானிலை அறிஞர் யூலியஸ் ஹானின் கோரிக்கையை ஏற்று, சோன்பிளிக் உச்சியில் 1886-இல் ஒரு வானிலை நிலையத்தைக் கட்டினார். தங்கம் தீர்ந்துகொண்டிருந்த காலம் அது. நிலையம் இன்றுவரை நிற்கிறது. ஆல்ப்ஸின் மிக உயரத்தில் இத்தனை நீண்ட, தொடர்ச்சியான பதிவு கிடைப்பது அபூர்வம். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து ஆல்ப்ஸ் ஏறக்குறைய 2 டிகிரி வெப்பமாகியிருக்கிறது, உலகச் சராசரியைப்போல் இரு மடங்கு, என்று நாம் உறுதியாகச் சொல்வதற்கு இதுபோன்ற நிலையங்களே ஆதாரம்.

உயரத்தோடு 6.5 டிகிரி என்ற கணக்கை மறுபடி எடுத்துக்கொள்ளுங்கள். 2 டிகிரி வெப்பம் கூடினால் அதே குளிரைப் பிடிக்க 300 மீட்டர் மேலே ஏற வேண்டும். பாட் காஸ்டைன் ஊர் 1,000 மீட்டரில், அதன் சறுக்குச் சரிவுகளின் உச்சி 2,500-ஐ ஒட்டி. இடையிலிருக்கும் 1,500 மீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது. கோலாரிலும் இப்படித்தான் நடந்தது: தாதுவின் தரம் தொடக்கத்தில் டன்னுக்கு 40 கிராமுக்கும் மேல். கடைசியில் 3 கிராமை ஒட்டி. தாது மெலிய மெலிய சுரங்கம் அதைக் கீழே துரத்திப் போனது. ஒவ்வொரு அடிக்கும் குளிர்பதனமும் பம்பும் கூடின. பாறை அழுத்தம் தாங்காமல் வெடித்துச் சிதறும் ராக் பர்ஸ்ட்டும் கூடியது. வரவைச் செலவு தாண்டியபோது கதவு மூடப்பட்டது. பனி ஊரும் பனி மெலிய மெலிய அதை மேலே துரத்திப் போகிறது. ஒவ்வொரு மீட்டருக்கும் இயந்திரம், நீர்த்தேக்கம், மின்சாரம். ஒரே வித்தியாசம், மலைக்கு உச்சி என்ற முடிவு கண்ணுக்குத் தெரிகிறது. பாட் காஸ்டைனின் நடுவூரில் இருந்த பெரும் ஹோட்டல்கள் பல ஆண்டுகள் பூட்டிக் கிடந்து பாழடைந்ததும், 2017-இல் மாநில அரசே தலையிட்டு அவற்றை வாங்க வேண்டியிருந்ததும், தங்கவயலின் ஓடு பெயர்ந்த பங்களாக்களைப் பார்த்தவர்களுக்கு அந்நியமாகத் தோன்றாது.

அந்தப் பள்ளத்தாக்கில் 1940-களில் கடைசியாக ஒருமுறை தங்கம் தேடி மலையைக் குடைந்தார்கள். தங்கம் கிடைக்கவில்லை. 40 டிகிரியை ஒட்டிய வெப்பமும் ரேடான் வாயுவும் கிடைத்தன. குடைந்தவர்களின் மூட்டுவலி குறைந்ததாகச் சொல்லப்பட, 1950-களிலிருந்து அது மருத்துவக் குகையாகிவிட்டது. ரேடான் நுரையீரல் புற்றுநோய்க்குக் காரணம் என்று உலக சுகாதார நிறுவனம் எச்சரிக்கும் வாயு. அதைக் காசு கொடுத்துச் சுவாசிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஆனாலும் ஒரு சுரங்கத்தின் வெப்பத்தையே ஊரின் பிழைப்பாக்கிய துணிச்சல் கவனிக்க வேண்டியது.

தங்கவயலில் கண்ணுக்குத் தெரியும் மலைகள் சயனைடு மேடுகள்தான். தங்கத்தைக் கரைத்தெடுத்தபின் மிஞ்சிய அரைத்த மண், 3 கோடி டன்னுக்கும் மேல், ஊரைச் சுற்றிக் குன்றுகளாகக் கிடக்கிறது. உலர்ந்த மணல் தானாக நிற்கக்கூடிய சரிவு 34 டிகிரியை ஒட்டி. பனிச்சரிவுகள் பெரும்பாலும் பிறப்பதும் 30 முதல் 45 டிகிரி வரையான சாய்வுகளில்தான்.  ஆனால் பனிபோல இந்த மண் வசந்தத்தில் உருகிப்போவதில்லை. கோடைக் காற்றில் நுண்தூள் வீடுகளுக்குள் வருகிறது. மழையில் ஓடைகளாக அரித்து வயல்களுக்கு இறங்குகிறது. கந்தகத் தாதுக்கள் காற்றோடு சேர்ந்து அமிலமாவதால் செடிகள் வேர்பிடிக்கத் திணறுகின்றன. இந்த மேடுகளிலிருந்து மிச்சத் தங்கத்தை மீண்டும் எடுப்பது பற்றிப் பேச்சு அடிக்கடி எழுகிறது. எடுப்பவர் மேட்டையும் மூடிப் பசுமையாக்கட்டும் என்பதே ஊர் கேட்க வேண்டிய முதல் நிபந்தனை.

தங்கவயலுக்கு இயற்கை கொடுத்தது ஆழம். அதற்கு ஒரு பயன் இருந்தது என்பதை இந்த ஊர் 1965-இலேயே நிரூபித்தது. அண்டவெளியிலிருந்து வரும் கதிர்கள் தரையில் எங்கும் இரைச்சலாக விழுகின்றன. இரண்டு கிலோமீட்டருக்கு மேல் பாறையைக் கூரையாக்கினால் அந்த இரைச்சல் பல கோடியில் ஒரு பங்காகச் சுருங்கும். சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் சுமார் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம், ஜப்பானின் ஒசாகா, இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகங்களோடு சேர்ந்து கருவிகளை வைத்தது. எம்.ஜி.கே. மேனனும் பி.வி. ஸ்ரீகண்டனும் அந்தக் குழுவின் முன்னணியில் இருந்தார்கள். வளிமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோ என்ற நுண்துகள்களின் தடயத்தை உலகில் முதன்முதலில் பதிவுசெய்தவற்றில் அது ஒன்று. அதே ஆண்டு தென்னாப்பிரிக்காவின் ஒரு தங்கச் சுரங்கத்திலும் பதிவானது. பிறகு புரோட்டான் சிதைகிறதா என்று தேடும் கருவிகளும் இங்கே இறங்கின. 1990-களின் தொடக்கத்தில் அந்தச் சோதனைகள் முடிந்தன. சுரங்கம் மூடியதும் பம்புகள் நின்றன, நீர் ஏறியது.

அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில் லீட் என்ற சிறிய ஊரில் ஹோம்ஸ்டேக் தங்கச் சுரங்கம் இருந்தது. ஆழம் சுமார் 2,400 மீட்டர். தங்கவயல் மூடிய அடுத்த ஆண்டு, 2002-இல், அதுவும் மூடியது. அந்தச் சுரங்கத்துக்குள் சூரிய நியூட்ரினோக்களை எண்ணிய ரேமண்ட் டேவிஸ் அதே ஆண்டு நோபல் பரிசு பெற்றார். 2003-இல் அங்கும் பம்புகள் நின்றன, நீர் ஏறியது. ஊருக்கு மேலே டெர்ரி பீக் மலையில் பனிச்சறுக்குத் திடல் ஒன்று ஏற்கெனவே இருந்தது. பனி மட்டும் போதும் என்று அந்த ஊர் விட்டுவிடவில்லை. சுரங்கம் மாநிலத்துக்கு நன்கொடையாக வந்தது, 2008-இல் மறுபடி நீரை இறைக்கத் தொடங்கினார்கள், அடுத்த ஆண்டே 4,850 அடித் தளம் வெளியே வந்தது. இன்று அங்கே கரும்பொருளைத் தேடும் கருவிகள் இருக்கின்றன. 1,300 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சிகாகோ அருகிலிருந்து பூமிக்குள் பாய்ச்சப்படும் நியூட்ரினோக்களைப் பிடிக்கப் பெருங்குகைகள் குடையப்பட்டிருக்கின்றன. முன்னாள் சுரங்கத் தொழிலாளர்கள் பலர் அந்த வேலைக்குத் திரும்பினார்கள். ஷாஃப்ட்டின் குணம் அவர்களுக்குத்தான் தெரியும்.

தங்கவயலில் ஷாஃப்ட்டின் குணம் தெரிந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள்; வயதாகிக்கொண்டிருக்கிறது. பாறைகளின் நடத்தையை ஆராய 1988-இல் தொடங்கிய தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனமும் அந்த மண்ணில்தான் பிறந்தது. லீட் ஊரைப்போல் இங்கேயும் ஓர் ஆழ்நில ஆய்வகம் அமைக்க, மூன்று கிலோமீட்டர் முழுவதையும் இறைக்கத் தேவையில்லை. லீட் ஊரின் ஆய்வகம் ஒன்றரைக் கிலோமீட்டரில் இருக்கிறது. அந்த அளவு ஆழம் தங்கவயலில் ஒன்றுக்கு மேற்பட்ட சுரங்கங்களில் வெட்டியே கிடக்கிறது. ஷாஃப்ட்டின் சுவர் எவ்வளவு தாங்கும், எவ்வளவு நீர் வரும், இறைத்த நீரைச் சுத்தம்செய்து எங்கே விடுவது என்பதை அளக்கும் ஒரு ஆய்வை, அந்தத் தொழிலாளர்கள் இருக்கும்போதே தொடங்குவதுதான் நல்லது.